கொத்தனார் அப்பாவோடு ஒரு கொத்தனார் மாளிகை: லண்டன் ஃப்ரீமேசன்ஸ் ஹால்

"நாளைக்கு ஒரு லாட்ஜ் பார்க்கப் போறோம்" என்று சொன்னதும் அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "ஏன்டி, உன் வீட்டுல இடம் இல்லைன்னா நேராச் சொல்லு, நாங்க எதுக்கு லாட்ஜுல தங்கணும்?" என்றார். நமக்கு லாட்ஜ் என்றால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டியூப்லைட் மினுக்கும் கட்டடம்தானே. இது அந்த லாட்ஜ் இல்லை என்று புரியவைப்பதற்குள் அடுப்பில் டீ பொங்கி வழிந்துவிட்டது. அப்பா குறுக்கே ஒன்றும் பேசவில்லை. "கொத்தனாருங்க சங்கம்ப்பா. முந்நூறு வருஷமா இருக்கு. அவங்க கட்டின மண்டபம்" என்றபோது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அப்பா 42 வருடம் கட்டட வேலை பார்த்தவர். சித்தாளாக ஏறி, கொத்தனாராகி, கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருடம் மேஸ்திரி. அம்மா அதே சைட்டுகளில் கலவைச் சட்டி சுமந்தவர். முழங்கால் போனதும் அப்பா கரணையைக் கீழே வைத்துவிட்டார். கண் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. லண்டனுக்கு வந்த மூன்று வாரத்தில் நான் காட்டிய அரண்மனை, பாலம், கடிகாரக் கோபுரம் எல்லாவற்றுக்கும் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "சாரம் எப்படிக் கட்டியிருப்பான்?" அவரைக் கூட்டிக்கொண்டு போக இந்த ஊரில் இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்று தோன்றியது. அதனால் இந்த விமர்சனத்தில் பாதி என்னுடையது, பாதி அவருடையது. அம்மா சொன்னது கொஞ்சம்தான், ஆனால் காரமானது.

இடம் கிரேட் குயின் ஸ்ட்ரீட். ஹோபன், காவென்ட் கார்டன் இரண்டு ரயில் நிலையங்களிலிருந்தும் நடக்கிற தூரம். தெரு முனையில் திரும்பியதும் வெள்ளைவெளேர் என்று ஒரு கோபுரம் மூலையிலிருந்து எழும்பி நிற்கும். நான் அந்த வழியாகப் பத்துத் தடவையாவது போயிருப்பேன், ஏதோ அமைச்சகம் என்றே நினைத்திருந்தேன். உளவுத்துறை பற்றிய ஒரு பிபிசி தொடரில் இதே முகப்பைத்தான் எம்ஐ5 தலைமையகமாகக் காட்டினார்கள் என்பது தெரிந்தபோது, ஏமாந்தது நான் மட்டும் இல்லை என்று ஆறுதல்.

அப்பா உள்ளே நுழையவில்லை. சுவரோரம் நின்று கல்லைப் புறங்கையால் தட்டினார். போர்ட்லாண்ட் கல். இங்கிலாந்தின் தென்கரையில் வெட்டி எடுக்கும் வெளிர் சுண்ணாம்புக் கல். லண்டனின் பாதிப் பெருமை அந்தக் கல்லில்தான் நிற்கிறது. "கல்லு நல்ல கல்லு. இணைப்பு நல்லா விட்டிருக்கான். ஆனா இது தாங்குற கல்லு இல்ல, போர்த்தின கல்லு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் பார்த்தால் அவர் சொன்னது சரி. 1927 முதல் 1933 வரை கட்டிய இந்தக் கட்டடத்துக்கு உள்ளே எஃகுச் சட்டம். கல் வெளியே போர்த்தியதுதான். கொத்தனார் பெயரில் உள்ள உலகின் மிகப் புகழ்பெற்ற மாளிகையைத் தூக்கி நிறுத்தியிருப்பது இரும்பு. இதை அப்பா அன்றைக்கு முழுக்க மூன்று தடவை சொல்லிக்காட்டினார்.

சரி, யார் இந்த ஃப்ரீமேசன்கள்? தமிழ் யூடியூபில் தேடினால் முக்கோணத்துக்குள் கண், இலுமினாட்டி, உலகத்தை ஆளும் பதின்மூன்று குடும்பம் என்று பின்னணி இசையோடு வரும். இலுமினாட்டி என்பது 1776இல் பவேரியாவில் ஒரு பேராசிரியர் தொடங்கி, பத்து வருடத்துக்குள் அரசாங்கம் தடை செய்து ஒடுங்கிப்போன வேறு ஒரு சங்கம். இங்கே உள்ள கதை அதைவிடச் சுவாரசியம். பழைய காலத்தில் தேவாலயம் கட்டும் இடங்களில் கல் வேலைக்காரர்கள் கருவி வைக்க, மழைக்கு ஒதுங்க, சாப்பிட ஒரு கொட்டகை போட்டுக்கொள்வார்கள். அதற்குப் பெயர்தான் லாட்ஜ். "நம்ம சைட் கொட்டகை" என்றார் அப்பா உடனே. அதேதான்ப்பா. சிமென்ட் மூட்டைக்கு நடுவில் நான் வீட்டுப்பாடம் எழுதிய அதே கொட்டகை.

காலப்போக்கில் அந்தக் கொட்டகைச் சங்கத்துக்குள் கரணை பிடிக்காத ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். பழம்பொருள் ஆராய்ச்சியாளர், ஜமீன்தார், டாக்டர். எலியாஸ் ஆஷ்மோல் என்பவர் தாம் 1646இல் சேர்ந்ததை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அவர் செங்கல் தூக்கியதாக எந்தக் குறிப்பும் இல்லை. பிறகு 1717 ஜூன் 24 அன்று, செயின்ட் பால் தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு மதுக்கடையில் நான்கு லாட்ஜுகள் கூடி, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு மகா லாட்ஜ் அமைத்தன என்பது இவர்கள் கணக்கு. (அது 1721தான் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. எப்படியும் மதுக்கடை மதுக்கடைதான்.) முதல் மகா தலைவர் ஆண்டனி சேயர். அவரே பிற்காலத்தில் நொடித்துப்போய், தான் தலைமை தாங்கிய சங்கத்திடமே உதவி கேட்டு மனுப்போட்டு வாங்கியிருக்கிறார். எனக்கு இந்த முந்நூறு வருட வரலாற்றில் மிகவும் பிடித்த ஆள் அவர்தான்.

சங்கம் என்றால் உடையாமல் இருக்குமா? 1751இல் ஒரு கோஷ்டி தனியாகப் போய் "நாங்கள்தான் பழைய முறைப்படி நடப்பவர்கள்" என்று சொல்லித் தனக்கு 'முன்னோர்' என்று பெயர் வைத்துக்கொண்டது; ஏற்கெனவே இருந்தவர்களுக்கு 'நவீனர்' என்று பட்டம் கட்டியது. பின்னால் வந்தவன் முன்னோர், முன்னால் இருந்தவன் நவீனன். நம் ஊர்க் கட்சிகளைப் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. 1813இல் இரண்டு கோஷ்டியும் மறுபடி ஒன்று சேர்ந்தபோது ஒரு பக்கம் கென்ட் கோமகன், மறுபக்கம் சசெக்ஸ் கோமகன். இரண்டு பேரும் மூன்றாம் ஜார்ஜின் பிள்ளைகள். அண்ணன் தம்பி சமாதானம் பேசியதில் பிறந்ததுதான் இன்றைய 'இங்கிலாந்தின் ஐக்கிய மகா லாட்ஜ்'. அதன் தலைமையகம் இந்தக் கட்டடம்.

இதே தெருவில் இது மூன்றாவது மண்டபம். முதலாவது 1776இல் தாமஸ் சாண்ட்பி என்பவர் வரைந்தது. அதை ஒட்டி ஒரு விடுதி இருந்தது, ஃப்ரீமேசன்ஸ் டேவர்ன். 1863இல் கால்பந்துச் சங்கம் பிறந்ததும் அந்த விடுதியில்தான். வழிகாட்டி இதைச் சொன்னபோது எங்கள் குழுவில் இருந்த இரண்டு இளைஞர்கள் முதல் தடவையாகப் போனிலிருந்து கண்ணை எடுத்தார்கள்.

அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை. பெரிய மண்டபத்தை வழிகாட்டியோடு பார்க்கத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். இது வெறும் காட்சிக்கூடம் இல்லை, லாட்ஜுகள் இன்னும் கூடும் இடம். அதனால் கூட்டம் நடக்கிற நாளில் மண்டபத்துக்குள் விடமாட்டார்கள். நான் முதலில் தேதியைத் தப்பாகப் பார்த்துப் பதிவு செய்து, பிறகு மாற்றினேன். தப்பு முழுக்க என்னுடையது. நீங்கள் நாளை இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

அருங்காட்சியகத்தில் அப்பா முதல் கண்ணாடிப் பெட்டியிலேயே நின்றுவிட்டார். உள்ளே வெல்வெட் மேல் வரிசையாக வெள்ளிப் பதக்கங்கள். ஒவ்வொன்றும் லாட்ஜில் ஒரு பதவிக்கானது, கழுத்துப் பட்டையில் தொங்கவிட்டுக்கொள்வார்கள். அப்பா கண்ணாடியில் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார், எழுத்தை இல்லை, உருவத்தை. "இது மூலைமட்டம். இது மட்டம். இது தூக்குக்குண்டு." தலைவருக்கு மூலைமட்டம், அடுத்தவருக்கு மட்டம், அதற்கடுத்தவருக்குத் தூக்குக்குண்டு. அப்பா இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவர். அந்தப் பெட்டியின் முன் அன்றைக்கு நான்தான் படிக்கத் தெரியாதவள். தூக்குக்குண்டு எது, மட்டம் எது என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருந்தன. "பழைய மட்டம் இப்படித்தான், ரசமட்டம் வர்றதுக்கு முன்னாடி. மரச்சட்டத்துல நூலைக் கட்டித் தொங்கவிடுவாங்க. நூல் நடுக்கோட்டுல விழுந்தா மட்டம்" என்று அவர் சொல்லிக்கொடுத்தார். எங்களுக்குப் பின்னால் நின்றிருந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி "என்ன சொல்கிறார்?" என்று கேட்க, நான் மொழிபெயர்க்க, ஐந்து நிமிடத்துக்கு அப்பாதான் அந்த அறைக்கு வழிகாட்டி.

ஒரே ஒரு பதக்கம் அவருக்குப் பிடிபடவில்லை. மூலைமட்டத்திலிருந்து ஒரு குட்டித் தகடு தொங்கியது, அதில் ஏதோ கட்டம் கட்டமாகக் கோடு. முன்னாள் தலைவர்களுக்கான பதக்கம் என்று எழுதியிருந்தது. "இது கருவி இல்லியே" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். இதை நினைவில் வையுங்கள்.

இவர்களிடம் மூன்று படிகள் உண்டு. கற்றுக்கொள்பவன், தொழில் தெரிந்தவன், மாஸ்டர் மேசன். சித்தாள், கொத்தனார், மேஸ்திரி என்று மொழிபெயர்த்தேன். அதில் ஒரு வேடிக்கை: மேஸ்திரி என்ற சொல்லே போர்த்துக்கீசியரின் 'மெஸ்த்ரே'யிலிருந்து வந்தது, அதற்கும் மாஸ்டர் என்றுதான் பொருள். அப்படியென்றால் அப்பா எந்தச் சடங்கும் இல்லாமலே மூன்றாம் படி ஏறியவர். புதிதாகச் சேர்பவனுக்கு இங்கே இரண்டு அடிக் கோல், சுத்தியல், உளி மூன்றையும் காட்டிப் பாடம் சொல்வார்களாம். கோலில் 24 அங்குலம், நாளுக்கு 24 மணி நேரம்; உழைப்புக்கு, தொழுகைக்கு, பிறருக்கு உதவ என்று நேரத்தை அளந்து செலவழி என்பது பாடம். செதுக்காத கல் ஒன்று, செதுக்கிய கல் ஒன்று என்று இரண்டு கற்களும் லாட்ஜில் இருக்கும்: மனுஷன் வந்தபோது எப்படி, ஆக வேண்டியது எப்படி. அப்பா கேட்டுக்கொண்டார். "எங்க மேஸ்திரி எனக்குப் பாடம் சொன்னது கரணைப் பிடியால மண்டையில" என்றார்.

கொத்தனார் பிள்ளைக்கும் இங்கே ஒரு பெயர் உண்டு. பெரிய கல்லைத் தூக்க, அதன் தலையில் குழி வெட்டி உள்ளே பூட்டுகிற இரும்புக் கொக்கிக்கு 'லூயிஸ்' என்று பெயர். ஃப்ரீமேசன் ஒருவரின் மகனையும் லூயிஸ் என்பார்கள், வயதான காலத்தில் அப்பனின் பாரத்தைத் தூக்குபவன் என்று. மகன். மகளுக்கு அந்தப் பெயர் இல்லை. நான் என் மாதச் சம்பளத்தை நினைத்துக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போனேன்.

பெட்டிகளில் இன்னும் எவ்வளவோ. வேல்ஸ் இளவரசருக்காக 1791இல் செய்த, பொன் பூசிய ராட்சத நாற்காலி ஒன்று; என் கண்ணுக்கு அழகே இல்லை, யாரோ பந்தயத்துக்குச் செய்தது போல இருக்கிறது. நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுக் கைதிகள் சிறையில் எலும்பைச் செதுக்கிச் செய்த சின்னங்கள். அவை அந்த நாற்காலியை விட ஆயிரம் மடங்கு மேல். மேசையில் ஓங்கித் தட்டுவதற்காகவே அடி கனமாக வார்த்த மதுக் கோப்பைகள். அப்புறம் சின்னங்கள் வரைந்த பலகைகள். முன்பெல்லாம் மதுக்கடைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து, கூட்டம் முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுவார்களாம், வெளி ஆள் பார்த்துவிடக் கூடாது என்று. அம்மா வாயைத் திறந்தது இங்கேதான்: "ஊர் பார்க்கத்தான் கோலம் போடுவோம். இவனுங்க அழிக்கிறதுக்குப் போட்டிருக்கானுங்க."

நம் பக்கத்துக்கு ஒரு நூல் இங்கிருந்து நீள்கிறது. ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உம்ரா 1770களில் திருச்சிராப்பள்ளியில் ஒரு லாட்ஜில் சேர்ந்தார். இந்தியாவிலிருந்து சேர்ந்த முதல் ஆட்களில் ஒருவர். லண்டன் மகா லாட்ஜ் மகிழ்ந்துபோய் அவருக்கு அலங்கரித்த ஏப்ரன் ஒன்றை, அதாவது கொத்தனார் இடுப்பில் கட்டும் முன்துணியை, விதிப் புத்தகத்தோடு அனுப்பிவைத்தது. கப்பலேறி ஒரு நவாப் பிள்ளைக்குப் போன கொத்தனார் ஏப்ரன்! சென்னை மெரினாவில் இன்று காவல்துறைத் தலைமையகமாக இருக்கும் வெள்ளைக் கட்டடமும் 1839இல் மேசன்கள் தங்கள் கூட்டத்துக்காகக் கட்டியதுதான். 1874இல் போலீஸ் அதை விலைக்கு வாங்கியது. அந்தப் பக்கம் எத்தனை தடவை சுண்டல் தின்றுகொண்டு நடந்திருப்போம்.

இனி மாடிக்குப் போகலாம். எங்கள் வழிகாட்டி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தாமும் ஒரு லாட்ஜில் உறுப்பினர். படியேறும்போது அப்பாவின் முழங்காலைக் கவனித்து, கேட்காமலே நடையை மெதுவாக்கிக்கொண்டார். அந்த ஒன்றுக்காகவே அவருக்குத் தனி மதிப்பெண்.

இந்தக் கட்டடம் கட்டியதே முதல் உலகப்போரில் இறந்த உறுப்பினர்களின் நினைவாக. 3,225 பேர். 1933இல் திறந்தபோது வைத்த பெயரே 'மேசானிக் அமைதி நினைவகம்'. 1939இல் அடுத்த போர் வந்தது, பெயர் ஃப்ரீமேசன்ஸ் ஹால் என்று மாறிவிட்டது. பத்து லட்சம் பவுண்டு திரட்டுவது இலக்கு. உறுப்பினருக்குச் சராசரி 10 கினி (ஒரு கினி ஒரு பவுண்டுக்குக் கொஞ்சம் மேல்) கொடுத்த லாட்ஜுகளின் பெயரைச் சுவரில் பொறித்திருக்கிறார்கள். நம் கோயில் டியூப்லைட்டில் உபயம் எழுதுவதைக் கிண்டல் செய்பவர்கள் இந்தச் சுவரை வந்து பார்க்கலாம். வரைபடத்துக்குப் போட்டி வைத்தபோது 110 பேர் அனுப்பினார்கள். நடுவர் குழுவுக்குத் தலைவர் எட்வின் லட்யன்ஸ், அதே சமயத்தில் புது டெல்லியைக் கட்டிக்கொண்டிருந்தவர். ஜெயித்தது ஆஷ்லி, நியூமன் என்ற இரட்டையர்.

அடிக்கல் கதைதான் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. 1927 ஜூலையில் மகா தலைவர் கன்னாட் கோமகன் அடிக்கல் நாட்டினார். ஆனால் இங்கே நின்று இல்லை. இடம் போதாது என்று எல்லோரும் ஆல்பர்ட் ஹாலில் கூடியிருந்தார்கள். அங்கிருந்து மின்சாரத்தில் இயக்க, இங்கே கல் இறங்கியது. "கல்லைத் தொடாமயா கல்லு வச்சாங்க?" என்று அப்பா மூன்று விதமாகக் கேட்டார். வழிகாட்டியிடம் இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியாமல், "அவருக்குத் தொழில்நுட்பம் ரொம்பப் பிடித்திருக்கிறது" என்று சொல்லிவைத்தேன்.

மண்டபத்துக்கு முன்னால் நினைவுச் சன்னிதி. வண்ணக்கண்ணாடிச் சாளரத்தின் கீழே வெண்கலப் பேழை, அதற்குள் இறந்தவர்களின் பெயர்ச்சுருள். பேழை நிற்பது ஒரு படகு மேல். படகு நாணல்களுக்கு நடுவே நிற்கிறது. பயணம் முடிந்து கரை சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். நான்கு மூலையிலும் படைவீரர்கள் மண்டியிட்டிருக்கிறார்கள். செய்தவர் வால்டர் கில்பர்ட் என்ற சிற்பி. நான் போர் நினைவகங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் வெற்றிச் சின்னம் மாதிரி விறைப்பாக நிற்கும். இது அப்படி இல்லை. அம்மா செருப்பைக் கழற்றப் போனார். வேண்டாம்மா என்று நான் கையைப் பிடித்தேன். பிடித்திருக்க வேண்டியதில்லை.

அப்புறம் அந்தக் கதவு. இரட்டை வெண்கலக் கதவு, ஒவ்வொன்றும் ஒன்றேகால் டன், சாலமோன் அரசர் கோயில் கட்டிய கதை புடைப்புச் சிற்பமாக. கல் இழுப்பவர்கள், மரம் தூக்குபவர்கள். அப்பா சிற்பத்தைப் பார்க்கவில்லை, குனிந்து கீழ்க்கீலைப் பார்த்தார். "இவ்வளவு கனத்துக்கு ஒரு நூல் இறங்கல பாரு. தொண்ணூறு வருஷம்!" (நூல் என்றால் கட்டட வேலையில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.)

உள்ளே போனதும் எங்கள் குழு மொத்தமும் பேச்சை நிறுத்தியது. 123 அடி நீளம், 90 அடி அகலம், 62 அடி உயரம், 1,700 பேர் உட்காரலாம். எண்ணாகச் சொன்னால் ஒன்றும் தெரியாது. கறுப்பு வெள்ளைக் கட்டத் தரைவிரிப்பு, சுற்றிலும் நீல இருக்கைகள், ஒரு கோடியில் அரியணைகள், இசைக்குழல்கள். கழுத்து தானாக மேலே போகும். விதானத்தில் விண்மீன் பூத்த வானம். அதைச் சுற்றி நாலு பக்கமும் வளைந்து இறங்கும் பட்டையில் சின்னச் சின்னத் துண்டுகளைப் பதித்துச் செய்த மொசைக் ஓவியம். ஒரு பக்கம் சாலமோனும் தீர் நாட்டு அரசர் ஹீராமும். இன்னொரு பக்கம் சூரியனின் தேர். நான்கு மூலையில் நான்கு நற்குணங்கள்: விவேகம், நிதானம், துணிவு, நீதி. துணிவு மூலையைப் பார்த்து அம்மா, "அந்தப் பொண்ணு உன் அத்தை மாதிரி இருக்கா" என்றார். இருந்தாள்.

அப்பா மேற்குப் பக்கம் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார். அங்கே இரண்டு தாடிக்காரர்கள், யூக்லிடும் பிதாகரஸும். நடுவில் ஒரு முக்கோணம், அதன் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் ஒரு சதுரம். பள்ளிக்கூடத்தில் எனக்கு மதிப்பெண் குறைத்த படம். "பாப்பா, கீழ வெள்ளியில தொங்குச்சே, அது இதுதானே?" என்றார். ஆமாம், அதே படம். "இது என்ன?" நான் தேற்றத்தைச் சொல்ல ஆரம்பித்தேன், செங்கோணம், கர்ணம், வர்க்கம் என்று. அவர் பாதியில் கையை ஆட்டி நிறுத்திவிட்டார்.

"மூணு, நாலு, அஞ்சு."

மனை அளந்து குறி போடும்போது மூலை சரியாக விழ வேண்டும். ஒரு பக்கம் நூலில் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, குறுக்கே அளந்தால் 5 அடி வர வேண்டும். வந்தால் மூலை. வராவிட்டால் வீடே கோணும். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். பிதாகரஸ் பெயரை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டார். ஆனால் 42 வருடம் தினமும் அந்தத் தேற்றத்தின் மேல்தான் சுவர் எழுப்பியிருக்கிறார். "நாங்க வானம் தோண்டுறதுக்கு முன்னாடி போடுற கணக்கு. இவங்க அதைக் கொண்டுபோய் வானத்துல வச்சிருக்காங்க" என்றார். அஸ்திவாரக் குழிக்கும் ஆகாயத்துக்கும் ஒரே சொல் இருக்கிற மொழியில்தான் இதைச் சொல்ல முடியும். வழிகாட்டிக்கு இதை விளக்க நான் பட்ட பாடு பெரிது. புரிந்ததும் அவர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சாதாரணக் குலுக்கல்தான், ரகசியக் குறி எதுவும் இல்லை என்று அப்பா பிறகு உறுதிப்படுத்தினார்.

"மட்டத்தில் சந்திப்போம், மூலைமட்டத்தில் பிரிவோம்" என்பது இவர்கள் வாக்கு. மட்டம் என்றால் எல்லாரும் சமம். மூலைமட்டம் என்றால் நேர்மை. லாட்ஜுக்குள் மதமும் அரசியலும் பேசக் கூடாது என்பதும் விதி. "உள்ள சமம். சரி. வெளிய வந்தா?" என்றார் அப்பா. நியாயமான கேள்வி. தலைமை நாற்காலியில் இளவரசர்களும் கோமகன்களும் உட்கார்ந்த காலம் நீளமானது. 1967இல் தலைவரானவரும் ஒரு கென்ட் கோமகன்தான். மதுக்கடையில் தொடங்கிய சமத்துவம் அரியணைக்கு எப்படி வந்தது என்பதற்கு அந்த மாடிப்படியிலேயே பதில் இருக்கிறது: படிக்குப் படி ஓவியங்களில் முத்தும் பட்டுமாக ஏறிக்கொண்டே போகிறது. கொத்தனாரின் ஆட்டுத்தோல் ஏப்ரனில் பொன் சரிகை வந்த கணத்திலேயே வேறு ஏதோ நடந்துவிட்டது என்பது என் எண்ணம். வரைந்தவர்களின் கைத்திறனுக்கு இதில் குறைவில்லை.

அம்மாவின் கேள்வி இன்னும் நேரடி. சுற்றி முடிந்து "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று வழிகாட்டி கேட்டபோது, "பொம்பளைங்க எங்க?" என்றார். இந்த மகா லாட்ஜில் ஆண்கள் மட்டும். பெண்களுக்கு 1908இலிருந்து தனியாக ஒரு சங்கம், 1913இலிருந்து இன்னொன்று என்று இரண்டு உண்டு, அவர்களோடு நல்லுறவும் உண்டு என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அம்மா கேட்டுத் தலையாட்டினார். பிறகு என்னிடம் தமிழில், "சித்தாள் இல்லாம எந்தக் கொத்தனாரு கட்டினான்? கலவைச் சட்டி தானா நடந்து சாரத்துல ஏறிச்சா?" என்றார். அவர் உச்சந்தலையில் சும்மாடு அழுத்திய இடத்தில் முடி இன்னும் மெலிவாகத்தான் இருக்கிறது. இதை நான் மொழிபெயர்க்கவில்லை. பெட்டி பெட்டியாக மட்டம், குண்டு, உளி, சுத்தியல் இருந்தன. ஒரு கலவைச் சட்டி கண்ணில் படவில்லை.

கீழே ஒரு கடை உண்டு. ஏப்ரன், கையுறை, டை என்று உறுப்பினர்களுக்கான சாமான்கள், நம்மைப் போன்றவர்களுக்குச் சின்ன நினைவுப் பொருள்கள். மூலைமட்டமும் கவராயமும் பின்னிய ஒரு சட்டைப் பின்னை அப்பாவுக்கு வாங்கித் தரலாம் என்று எடுத்தேன். கையில் வாங்கி, புரட்டி, ஒரு கண்ணை மூடி மூலையைப் பார்த்தார். "90 இல்ல" என்று திருப்பி வைத்துவிட்டார்.

யாருக்குப் பிடிக்கும்? ரகசியக் கதவு, மண்டையோடு, சதி என்று எதிர்பார்த்து வருபவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். எல்லாவற்றுக்கும் விளக்கக் குறிப்பு ஒட்டியிருக்கிறார்கள். கட்டடக் கலை, 1930களின் வெண்கல, மொசைக் வேலை பிடிக்கும் என்றால் லண்டனில் இதற்கு இணையாகச் சிலதான் உண்டு. குழந்தைகளுக்கு அருங்காட்சியகம் அரை மணி தாங்கும். எங்களுக்கு மூன்று மணி நேரம் போதவில்லை, ஏனென்றால் அப்பா ஒவ்வொரு மூலையிலும் நின்றார். ஐந்துக்கு என் மதிப்பெண் நாலரை. கலவைச் சட்டிக்காக அரை குறைத்தது அம்மா.

வெளியே வந்ததும் அம்மா பசிக்கிறது என்றார். அப்பா தெருவைக் கடந்து எதிர் நடைபாதைக்குப் போய்விட்டார். திரும்பிப் பார்த்தால், அம்மாவின் சுருக்குப்பையிலிருந்து தையல் நூலை உருவி, அதில் என் வீட்டுச் சாவியைக் கட்டி, கையை நீட்டித் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறார். ஒரு கண் மூடியிருக்கிறது. காற்றில் சாவி ஆடுகிறது. அவர் ஆட்டம் அடங்கும் வரை காத்திருக்கிறார். நடந்து போகிறவர்கள் அவரைப் பார்த்துவிட்டு, அவர் பார்க்கும் கோபுர மூலையையும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

"என்னங்க, போதும் வாங்க" என்று அம்மா இந்தப் பக்கத்திலிருந்து கத்தினார்.

"இரு, இரு." சாவி நின்றது. நூலுக்குப் பின்னால் கோபுர மூலை. மேலிருந்து கீழ் வரை ஒரு தடவை பார்த்தார், கீழிருந்து மேல் ஒரு தடவை. பிறகு நூலைச் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

"தூக்கு சரியா இருக்கு" என்றார். "வா, சாப்பிடலாம்."